லண்டனில் ஆறு நாள்: லின் அக்கா சொல்ல வேண்டாம் என்ற கதை

சீனாவைப் பற்றிப் பேசுவதற்கு எதற்கு லண்டன் போக வேண்டும்? எங்கள் கல்லூரி முதல்வரும் இதைத்தான் கேட்டார். என் விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, சீனா கிழக்கால இருக்குது, நீங்க மேற்கால போறீங்களே?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. நான் கோயம்புத்தூரில் ஒரு கலைக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். சீனத்துத் தையல் ஊர்களுக்கு வேலை தேடி வரும் கிராமத்துப் பெண்களைப் பற்றியது என் ஆய்வு. இன்றைய சீனச் சமூகத்தை ஆராய்கிறவர்கள் கூடும் இரண்டு நாள் கருத்தரங்கு ஒன்று கடந்த அக்டோபரில் லண்டனில் நடந்தது. அதற்குப் போய் வந்தேன். இப்படிக் கட்டுரை வாசிக்கக் கிளம்பும் பிள்ளைகள் சிலர் வழி கேட்டு எழுதியிருந்ததால் இந்தப் பதிவு. விசா, ரயில், சாப்பாடு எல்லாம் சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன்.

நான் திருப்பூர்க்காரி. "ஆர்டரெல்லாம் சீனாக்காரன் கொண்டுபோயிட்டான்" என்ற புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவள். அப்படி என்னதான் அங்கே நடக்கிறது என்று பார்த்துவிடச் சீன மொழி படித்தேன். தென் சீனாவில் ஒரு தையல் ஊரில் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தேன். கேள்வித்தாளை நீட்டினால் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கத்தரியை வாங்கி, கூடவே பிசிறு வெட்ட வேண்டும். தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளை நறுக்குவதைத்தான் எங்கள் ஊரில் பிசிறு வெட்டுவது என்போம். அங்கேயும் அதே வேலை, அதே கழுத்து வலி. கை ஓடிக்கொண்டிருந்தால் வாயும் தானாக ஓடும். அப்படிப் பேசியவர்களில் ஒருவர் லின் அக்கா.

லின் என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் என்ன சொன்னார் என்பதையும் இங்கே எழுதப் போவதில்லை. பின்னூட்டத்தில் கேட்காதீர்கள், கேட்டால் அழித்துவிடுவேன். வீட்டாருக்குத் தெரியாமல் அவர் ஒரு காலத்தில் எடுத்த முடிவு, தெரிந்தால் ஊருக்குள் குடும்பமே தலைகாட்ட முடியாது. இந்த அளவு போதும். நான் இந்தியா திரும்பிய பிறகு அவர் லண்டன் வந்து ஒரு சீனச் சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். என் கட்டுரைக்கு உயிர் கொடுத்தது அவர் பேச்சுதான். மற்றதெல்லாம் அட்டவணை.

சரி, பயணத்துக்கு வருவோம். விசா கட்டணம் நம் காசில் பதினான்காயிரத்துக்கு மேல், மாறிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு, கல்லூரி தரும் விடுப்புக் கடிதம், கருத்தரங்கு அழைப்பு மூன்றும் கட்டாயம். நான் திரும்பி வருவேன் என்று அவர்களை நம்பவைப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து துபாய் வழியாகச் சனிக்கிழமை மதியம் ஹீத்ரோவில் இறங்கினேன். எலிசபெத் லைனில் ஏறி வொய்ட்சாப்பலில் இறங்கி, அங்கே டிஸ்ட்ரிக்ட் லைன் மாறினால் பார்க்கிங். ஒன்றரை மணி நேரம், பதிமூன்று பவுண்டு சொச்சம். டிக்கெட் வரிசையில் நிற்க வேண்டாம், வங்கி அட்டையைக் கதவில் தொட்டாலே போதும். பார்க்கிங் என்பது ஊர்ப் பெயர். "பார்க்கிங்ல தங்கியிருக்கேன்" என்று போனில் சொன்னதும் அம்மா பதறிப்போய், காசு அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

தங்கியது சிவம் அண்ணை வீட்டு மாடி அறையில், ஒரு இரவுக்கு நாற்பது பவுண்டு. அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், வாடகை டாக்சி ஓட்டுகிறார். எல்லோரும் அண்ணை என்று கூப்பிடுவதால் எனக்கும் அண்ணை. லண்டன் நடுவில் இதே காசுக்குக் கட்டிலின் ஒரு கால்தான் கிடைக்கும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"திருப்பூர்ப் பிள்ளை, லண்டனுக்கு வந்து, வெள்ளைக்காரனுக்குச் சீனாவைப் பற்றி வகுப்பெடுக்கப் போறியளோ? நல்லாத்தான் கிடக்கு. சீனாக்காரர் ஆரும் வருவினமோ?"

"வருவாங்கண்ணை. நிறையப் பேர் அங்க படிக்கிறாங்க."

"அப்ப கவனம். தங்கட வீட்டுக் கதையை அடுத்தவன் சொன்னால் ஆருக்கும் பத்தும்." சொல்லிவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். கொத்து ரொட்டி. விமானத்தில் தந்த ரப்பருக்குப் பிறகு அது அமிர்தம்.

ஞாயிற்றுக்கிழமை லின் அக்காவைப் பார்க்கப் போனேன். அவர் இருக்கும் இடம் குரோய்டன் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெதத்தில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதாவது நம் ஊர் மஞ்சள் நீராட்டுக்கு, போகக் கிளம்பிய அண்ணை, சற்றுச் சுற்றினாலும் பரவாயில்லை என்று என்னையும் ஏற்றிக்கொண்டார். தேம்ஸுக்கு அடியில் போகும் சுரங்கப் பாதைக்கு இப்போது கட்டணமாம், அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். குரோய்டனில் ஓர் உயரமான அரசாங்கக் கட்டடத்தைத் தாண்டும்போது பாட்டின் சத்தத்தைக் கூட்டினார்.

"இதுக்குள்ள இருந்துதான் என்ர கதையை முழுக்கச் சொன்னனான், பிள்ளை. அகதியெண்டு அசைலம் கேட்ட நேரம். இப்பவும் இதைக் கண்டால் அந்தக் கேள்வியள்தான் காதில கேக்குது. அதுதான் பாட்டு."

டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் லின் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இளைத்திருந்தார், விரல்களில் எண்ணெய் தெறித்த தழும்புகள். தேநீருக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை. நாங்கள் பேசியது சீனத்தில். அதை எங்கள் ஊர்த் தமிழில் தருகிறேன், எனக்கு அப்படித்தான் காதில் விழுந்தது.

"மகளுக்குப் பேச்சு நடக்குது கண்ணு. பையன் பக்கத்து ஊரு. நல்ல குடும்பம். அவளுக்கும் பிடிச்சிருக்குது. புது வருசத்துக்குள்ள முடிச்சுப்போடலாம்னு இருக்கோம்."

"ரொம்பச் சந்தோசம்க்கா."

"அதான் உங்கிட்டக் கேக்கறேன். அன்னிக்கு நான் சொன்னதை உன் கட்டுரையில இருந்து எடுத்துரு. எங்கேயும் பேச வேண்டாம்."

பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன், யாருக்கும் தெரியாது என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்பதாக இல்லை. "பேரை மாத்தினா ஆச்சா? எங்க ஊர்ப்பக்கத்துல இருந்து புறப்பட்டு, தையக்கம்பெனியில இருந்துட்டு, லண்டன்ல வந்து அடுப்படியில நிக்கற பொம்பளை எத்தனை பேரு இருக்கறா? படிச்சதும் கண்டுபிடிச்சுருவாங்க. எனக்காக இல்ல, அந்தப் புள்ளைக்காகக் கேக்கறேன்."

செவ்வாய்க்கிழமை வாசிக்க வேண்டிய கட்டுரை. அதிலிருந்து அவரை எடுத்தால் எலும்புதான் மிஞ்சும். ஒரு நிமிடம் அவர்மேல் கோபம்கூட வந்தது. ஆனால் பேச்சைத் தொடங்கும் முன்பே நான் எல்லோரிடமும் கொடுத்த வாக்கு ஒன்று உண்டு: எப்போது வேண்டுமானாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம். எங்கள் தொழிலின் விதி அது. அவர் காரணமும் சேர்த்தே சொல்லியிருந்தார்.

"எடுத்துடறேன்க்கா. உங்க சொல் ஒண்ணுகூட வராது. நம்பலைன்னா நீங்களே வந்து பாருங்க. செவ்வாய்க்கிழமை மத்தியானம், யார் வேணாலும் உள்ளே வரலாம்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. செவ்வாய் அவருக்கு விடுமுறை, கட்டாயம் வருகிறேன் என்றார். இப்படி ஒரு பெரிய இடத்தில் நான் பேசுவதைப் பார்க்க அவருக்கு ஆசையாகவும் இருந்தது. கூப்பிட்டவள் நான்தான் என்பதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை கருத்தரங்கு தொடங்கியது. பார்க்கிங்கிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனில் ஏறினால் மாறாமல் யூஸ்டன் ஸ்கொயர், நாற்பது நிமிடத்துக்குள். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பத்து நிமிட நடை. குடை கட்டாயம். மதியச் சாப்பாடு அவர்களே தருவார்கள், ஈர ரொட்டிக்குள் வெள்ளரிக்காயை வைத்து. கையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருந்தால் பிழைப்பீர்கள். அன்று மதிய இடைவேளையில் ஒரு மூலையில் உட்கார்ந்து, லின் அக்காவின் பேச்சு வரும் திரைப் பக்கங்களையும் வரிகளையும் என் கணினியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினேன். நீக்கி முடித்ததும் நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி வேறு.

அந்த இரண்டு நாளில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, "நீங்கள் ஏன் இந்தியாவை ஆராயவில்லை?" என்பதுதான். தேநீர் ஊற்றும்போது கேட்டார்கள், கழிப்பறை வரிசையில் கேட்டார்கள். கனடாவிலிருந்து ஒருவர் சீனத்து வீட்டு விலையைப் பற்றிப் பேசினார், ஏன் கனடாவை ஆராயவில்லை என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. நாம் நம்மைப் பற்றி மட்டும் பேச வேண்டுமாம், உலகத்தைப் பற்றி அவர்கள் பேசுவார்களாம். வாயில் வந்ததை முறுக்கோடு சேர்த்து விழுங்கினேன்.

செவ்வாய்க்கிழமை லின் அக்கா நேரத்துக்கு வந்துவிட்டார். நல்ல கோட்டு, முடியைப் படிய வாரி, கையில் ஒரு பை ஆரஞ்சு. வெறுங்கையோடு போகும் பழக்கம் அவர்களுக்கும் கிடையாது. கடைசி வரிசையில் உட்காரவைத்தேன். அவருக்கு முன்னால் இரண்டு வரிசை முழுக்கச் சீன மாணவர்கள். என் பேச்சு எதிர்பார்த்த மாதிரியே சப்பென்று இருந்தது. கூலி, வேலை நேரம், நகரத்துக் குடியிருப்புப் பதிவு இல்லாததால் பிள்ளைகளை நகரத்துப் பள்ளியில் சேர்க்க முடியாத சிக்கல், எல்லாம் எண்ணாக. "தகவல் சரி, மனிதர்கள் எங்கே?" என்று ஒருவர் கேட்டார். கடைசி வரிசையைப் பார்த்தேன். லின் அக்கா லேசாகத் தலையாட்டினார். என்ன கேட்டார்கள் என்பது அவருக்குப் புரிந்திருக்காது, நான் வாக்கைக் காப்பாற்றியது புரிந்திருந்தது. அந்த நிமிடம் எனக்கு அது போதுமாக இருந்தது.

கருத்தரங்கு முடிவில் மூத்த பேராசிரியர் ஒருவர் எல்லாக் கட்டுரைகளையும் தொகுத்துப் பேசுவது வழக்கம். கட்டுரைகளை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும், அவர் படித்துவிட்டு வருவார். நானும் ஆகஸ்டிலேயே அனுப்பியிருந்தேன், முழுதாக, லின் அக்காவோடு. என் கணினியில் நீக்கினால் எல்லா இடத்திலும் நீங்கிவிட்டதாக நினைத்துவிட்டேன். இரண்டு நாளும் அவர் என் முன்னால்தான் நடமாடினார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

நல்ல மனிதர், அதுதான் இன்னும் எரிச்சல். என் பேச்சு எடுபடாததைப் பார்த்து எனக்கு உதவ நினைத்திருக்கிறார். "நம் தோழி தன்னடக்கத்தால் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்" என்று தொடங்கினார். என் கட்டுரையின் ஒரு பக்கம் திரையில் விரிந்தது. நான் எழுதிய ஆங்கிலம், அதன் கீழே லின் அக்கா சொன்ன வாக்கியங்கள் அப்படியே சீன எழுத்தில். மூல மொழியில் தருவதுதான் நேர்மையான ஆய்வு என்று சேர்த்திருந்தேன். பேராசிரியர் உருக்கமாக விவரித்தார். லின் அக்காவுக்கு அவருடைய ஆங்கிலம் தேவைப்படவில்லை. தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை ஆளுயரத்துக்குத் திரையில் படித்தார்.

முன் வரிசைகளில் செல்போன்கள் உயர்ந்தன. அந்த மாணவர்கள் காலையிலிருந்து எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, தங்கள் ஊர்க்காரர்கள் இருக்கும் குழுக்களுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்தார்கள். நிறுத்துங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். எழுந்துபோய் அந்தத் திரையின் வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். இதற்குள் பேராசிரியர் என் பெயரைச் சொல்லி, எழுந்து நிற்கும்படி கையை நீட்டினார். அரங்கம் கைதட்டியது. நான் எழுந்தேன். பெரியவர்கள் மேடையிலிருந்து கூப்பிட்டால் எழுந்து, சிரித்து, கும்பிட்டுப் பழகிய உடம்பு இது. எழுந்தது, சிரித்தது, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டது. நாலாவது பக்கம் லின் அக்கா இருந்தார்.

படிக்கட்டில்தான் அவரைப் பிடித்தேன். ஆகஸ்டு, கட்டுரை, பேராசிரியர் என்று என்னென்னவோ உளறினேன். முழுவதையும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"அவரு என்னைத் தப்பாப் பேசலை, தெரியுது. எல்லாரும் கை தட்டினாங்க." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "நீ சொல்லாம இருந்துருவேன்னு நம்பினேன். நீ சொல்லலை, சரி. ஆனா எந்திரிச்சு நின்னு சிரிச்சியே கண்ணு."

அவ்வளவுதான். மழையில் இறங்கி நடந்தார். ஆரஞ்சுப் பை கடைசி வரிசை நாற்காலிக்கு அடியிலேயே கிடந்தது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லையே" என்று மூன்று முறை சொன்னார். அந்த மாணவர்களிடமும் படத்தை அழிக்கச் சொன்னேன். நல்ல பிள்ளைகள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் கண்முன்னே அழித்தார்கள். அனுப்பியதை எப்படி அழிப்பது என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னபோது அழுதுவிட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்களுக்கு அழுகை வரத்தான் வேணும்" என்றார். "அந்த மனுசி அடுப்படியில நிண்டு உழைச்சு மகளைக் கரைசேர்க்கப் பாக்கிறா. நீங்கள் ஒரு சொல்லு முன்னாலயே அந்தப் புரொபசரிட்டச் சொல்லியிருக்க ஏலாதோ?"

"தோணலைண்ணை."

"ஓம், தோன்றாது. அது உங்கட கதையில்லையே." பிறகு சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

புதன்கிழமை மறுபடி குரோய்டன் பக்கம் போனேன். டிராமுக்கு ஒன்றே முக்கால் பவுண்டு, பேருந்துக்கும் அதேதான். லின் அக்கா வேலை செய்யும் சாப்பாட்டுக் கடை வாசலில் மழையில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு பையன் வந்து, லின் அக்காவுக்கு இன்று ஷிப்ட் இல்லை என்றான். அவன் வெளியே வந்த கதவு மூடிக்கொள்வதற்குள் அடுப்பருகில் அவருடைய முதுகு தெரிந்தது. வியாழக்கிழமை விமானம் ஏறினேன். அரண்மனை, கோபுரக் கடிகாரம், ராட்சத ராட்டினம் எதையும் பார்க்கவில்லை. படம் போடுங்கள் என்று கேட்பவர்களுக்கு, என்னிடம் படம் இல்லை.

இனி நடைமுறை யோசனைகள். தங்க பார்க்கிங் நல்ல இடம், இட்லி மாவுகூடக் கிடைக்கும். வங்கி அட்டை ஒன்றையே எல்லாப் பயணத்துக்கும் தொடுங்கள், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். மூன்று முள் பிளக் இங்கிருந்தே வாங்கிப் போங்கள். அக்டோபரில் சாயங்காலமே இருட்டிவிடும், கனமான சட்டை வேண்டும். நாள் ஒன்றுக்கு இருபத்தைந்து பவுண்டு இருந்தால் சாப்பாடும் ரயிலும் சமாளிக்கலாம்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்குத் தனியாக. கட்டுரையை முன்கூட்டிக் கேட்டால், வெளியே போகக் கூடாத பேச்சு ஒன்றுகூட அதில் இல்லை என்று உறுதியான பிறகு அனுப்புங்கள். அனுப்பிய பிறகு ஒருவர் தன் பேச்சைத் திரும்பக் கேட்டால், முதலில் உங்கள் கணினியைத் திறக்காதீர்கள், கட்டுரை யார் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குப் போன் போடுங்கள். மூல மொழி வாக்கியங்களைச் சேர்ப்பதற்கு முன் அந்த மொழி படிக்கத் தெரிந்தவர்கள் எங்கெல்லாம் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் அவர்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில்தான் நாம் பாதி ஆய்வை நடத்துகிறோம். எங்கள் ஊர்ப் பெண்களைப் பற்றி யாராவது எங்கேயோ இப்படித் திரை போட்டுக் காட்டிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் எழுந்து நின்று கும்பிடத் தெரிந்திருக்கும். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

டிசம்பரில் பேராசிரியர் எழுதினார். கட்டுரைகள் நூலாக வருகின்றனவாம், என்னுடையதும் வேண்டுமாம். ஆனால் அந்தப் பெண்ணின் பேச்சு இல்லாமல் கட்டுரை நிற்காது, அவரிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். முடியாது என்று பதில் போட்டேன்.

லின் அக்காவுக்கு நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதிலே வந்ததில்லை. சீனப் புது வருடம் நெருங்கும்போது ஒன்று வந்தது. "படம் ஊருக்குப் போயிருச்சு. பையன் வீட்ல வேண்டாம்னுட்டாங்க. மக எங்கிட்டப் பேசறதில்ல. இனி ஒளிச்சு வெக்க ஒண்ணுமில்ல. நீ எழுதிக்க."

எங்கள் விதிப்படி பார்த்தால், இதுவும் எழுத்தில் தந்த சம்மதம்தான்.